மழை படாத மரம்: தாழ்வார விதானத்துக்கு ஏற்ற பூச்சு

வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாத மரவேலை வீட்டில் ஒன்று உண்டென்றால் அது முன்தாழ்வாரத்தின் விதானம்தான். மேலே கூரை இருப்பதால் மழை அதை நேராகத் தொடுவதில்லை. ஆயினும் மூன்று பக்கமும் திறந்து கிடப்பதால் வெளிக்காற்றின் ஈரம், தூசி, மகரந்தத் துகள், கோடை வெப்பம் ஆகிய எதிலிருந்தும் அது தப்புவதில்லை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்தில், அதாவது தென் கரோலினா, ஜார்ஜியா, வட ஃபுளோரிடா ஆகிய பகுதிகளில், தாழ்வாரம் இல்லாத பழைய வீட்டைக் காண்பது அரிது. ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் 1850இல் வெளியிட்ட நாட்டுப்புற வீடுகளின் கட்டடக்கலை பற்றிய நூல் தாழ்வாரத்தை நல்ல வீட்டின் இலக்கணமாகவே வற்புறுத்தியதும், நீராவியால் ஓடிய இழைப்பு ஆலைகள் ஒரு விளிம்பில் நாக்கும் மறுவிளிம்பில் காடியும் வெட்டிய மெல்லிய பலகைகளை மலிவாகத் தரத் தொடங்கியதும் சேர்ந்துகொள்ள, கூரையின் கைமரங்கள் கண்ணில் படாதபடி கீழே பலகை அடிப்பது அங்கு வழக்கமாயிற்று. நாக்கோரத்தில் மெல்லிய உருட்டு வரி ஒன்று ஓடுவதால் பீட்போர்டு என்று அழைக்கப்படும் அப்பலகை இன்றும் அதே வடிவில் விற்கப்படுகிறது.

தொடக்கத்தில் அருகிலேயே கிடைத்த தென்னக மஞ்சள் பைனும் சதுப்பு நிலச் சைப்பிரஸும் இதற்குப் பயன்பட்டன. இருப்புப்பாதை கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்த பிறகு பசிபிக் கரையின் டக்ளஸ் ஃபிர், மேற்கத்திய சிவப்பு சீடர் ஆகியவையும் வந்து சேர்ந்தன. இம்மரங்களுள் எதுவாயினும், அதன் மேல் எதைப் பூசுவது என்ற கேள்வி வீட்டுக்காரருக்கு எழுந்தே தீரும்: மரத்தை முற்றாக மறைக்கும் பெயின்ட்டா, ரேகை தெரியும்படி நிறமேற்றும் மரச்சாயமா, கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷா, உள்ளே ஊறும் எண்ணெயா. கடைகளில் ஸ்டெயின் என்ற பெயரில் கிடைக்கும் மரச்சாயத்திலேயே ஒளி நன்கு ஊடுருவுவது, பாதி மறைப்பது, முழுதும் மறைப்பது என மூன்று வகை உள்ளன. அவற்றுள் கடைசி வகை, பெயர் எதுவாயினும், நீர்த்த பெயின்ட்டேயன்றி வேறன்று.

டப்பாக்களின் மேல் அச்சிடப்படும் ஆயுள் கணக்கு பெரும்பாலும் சுவரையும் தரைத்தளத்தையும் மனத்தில் வைத்து எழுதப்படுவது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். வெளிப்புறப் பூச்சுகளைச் சோதிக்கும் முறை எளியது: பூசிய பலகைகளைத் தெற்கு நோக்கிச் செங்குத்தாகவோ சாய்வாகவோ வெட்டவெளியில் நிறுத்தி, வெயிலும் மழையும் அவற்றை என்ன செய்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் பார்ப்பார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் 1910இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம் இத்தகைய சோதனைகளில் முன்னோடி. மரத்துக்குப் பூச்சு பற்றி இன்று அறியப்பட்டவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததே. ஆனால் மழையும் நேர்வெயிலும் படாத விதானத்துக்கு அச்சோதனைகளின் முடிவுகளை அப்படியே பொருத்தினால், வராத பகைக்கு வேலி கட்டிவிட்டு, வருகிற பகைக்குக் கதவைத் திறந்து வைத்ததாகிவிடும்.

வராத பகை வெயில். மரத்தின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ். ஊசியிலை மரங்களில் கால்பங்குக்கும் சற்று மேலாக லிக்னின் உள்ளது. செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் இந்த லிக்னினே சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை மிகுதியாக உறிஞ்சுவதும், உறிஞ்சிய ஆற்றலால் சிதைவதும் ஆகும். புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கைவிடக் குறைந்த ஆழமே புக வல்லது. ஆதலால் பாழாவது மேல்தோல் மட்டுமே. பூச்சில்லாத ஊசியிலை மரம் வெட்டவெளியில் நூறாண்டு நின்றாலும் அரிப்பினால் சுமார் 6 மில்லிமீட்டரே தேயும் என்ற கணக்கு, மரத்தின் உறுதிக்கு வெயில் பெரிய ஆபத்தன்று என்பதைக் காட்டுகிறது. ஆபத்து பூச்சுக்குத்தான். நிறமற்ற வார்னிஷ் ஒளியைத் தடுப்பதில்லை. தன் வழியே உள்ளே விடுகிறது. படலம் முழுதாக இருக்கும்போதே அதற்கு அடியில் உள்ள லிக்னின் சிதைந்து, வார்னிஷ் பற்றி நின்ற இழைகள் பிடிப்பை இழக்க, நல்ல நிலையில் உள்ள படலம் தோல் உரிவதுபோல் உரிந்து வருகிறது. பாய்மரக் கப்பல்களின் மரங்களுக்கென உருவான ஸ்பார் வார்னிஷ், மரத்தோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் வல்லதாயினும், வெட்டவெளியில் ஓரிரு ஆண்டுகளில் இவ்வாறு தோற்றுவிடுவது இதனால்தான்.

விதானத்துக்கு வானமே தெரிவதில்லை. அதை அடையும் ஒளியில் பெரும்பகுதி தரையிலிருந்து எதிரொளித்து மேலெழுவது. புல்லும் மண்ணும் தம்மேல் விழும் புற ஊதாக் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை, உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தை அனுப்பும், புதிதாகப் பெய்த பனி மட்டுமே 80 சதவீதம் வரை அனுப்ப வல்லது. மேற்கு நோக்கிய தாழ்வாரத்தில் மாலை வெயில் சாய்ந்து வந்து விதானத்தின் வெளியோரப் பட்டையைத் தொடும் என்பது உண்மையே. எனினும் சூரியன் தாழ்ந்து நிற்கையில் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் புற ஊதாப் பகுதி பெரிதும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே சுவரில் பூசினால் வீணாகும் நிறமற்ற வார்னிஷ் விதானத்தில் பல ஆண்டு நிலைக்கும். வெளிப்புற மரத்துக்கு வார்னிஷ் கூடவே கூடாது என்று பொதுவாகச் சொல்லப்படும் விதிக்கு விலக்கு கோரத் தகுதியுள்ள இடம் இது ஒன்றே எனலாம்.

ஆயினும் நிறம் மாறாது என்று எண்ணிவிடக் கூடாது. டக்ளஸ் ஃபிர் மரம் இழைத்த புதிதில் வெளிர் இளஞ்சிவப்பாக இருந்து, சில மாதங்களில் தேன் நிறமும், ஆண்டுகள் கழித்துச் செம்பழுப்பும் அடையும். இம்மாற்றத்துக்குக் கண்ணுக்குப் புலனாகும் சாதாரண ஒளியே போதும். நெடுநாள் தொங்கிய விளக்கைக் கழற்றினால், அதன் அடித்தட்டு மறைத்திருந்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று தெரியும். சுற்றியுள்ள மரம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை அந்த வட்டமே அளந்து காட்டிவிடும். இதைக் குறைக்க விரும்புவோர் சிறிது நிறமியுள்ள சாயத்தை நாடுவது நல்லது. மிக நுண்ணியதாக அரைத்த இரும்பு ஆக்சைடு துகள்கள், ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியனவாக இருப்பதால் ஒளியைச் சிதறடிக்காமல் ரேகையைத் தெளிவாகக் காட்டுகின்றன. அதே வேளையில் புற ஊதாக் கதிரையும் நீலத்தின் ஒரு பகுதியையும் உறிஞ்சிக்கொள்கின்றன. சற்றே செம்மை தட்டிய சாயங்கள் நிறமற்றவற்றைவிட நெடுநாள் உழைப்பதற்கு இதுவே காரணம்.

வருகிற பகை ஈரம். மழையாக அன்று, ஆவியாக. மரம் தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் வருகிறது. குறிப்பிட்ட வெப்பத்திலும் ஒப்பு ஈரப்பதத்திலும் இவ்விரண்டும் சமமாகும் அளவே சமநிலை ஈரம் எனப்படும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கையில் மரம் தன் உலர் எடையில் சுமார் 9 சதவீத நீரையும், 80 சதவீதமாக இருக்கையில் சுமார் 16 சதவீத நீரையும் தாங்கியிருக்கும். கூரைக்கடியில் வெளிக்காற்றில் கிடக்கும் மரம் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜூன் மாதம் சுமார் 5 சதவீதத்துக்கு வறண்டுவிட, தென் கரோலினாவின் சார்லஸ்டனில் ஆண்டு முழுதும் 12 முதல் 15 சதவீதத்துக்குள் நிற்கும். சுமார் 28 முதல் 30 சதவீதம் வரையில் நீர் செல்சுவர்களுக்குள் புகுந்து அவற்றைத் தடிக்க வைப்பதால், அதற்குக் கீழே ஈரத்தில் நேரும் ஒவ்வொரு மாற்றமும் பலகையின் அகலத்தில் தெரியும். நீளத்தில் தெரிவதில்லை என்றே சொல்லிவிடலாம்.

எவ்வளவு தெரியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. முழு ஈரத்திலிருந்து முழு வறட்சிக்கு வருகையில் டக்ளஸ் ஃபிர் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 7.6 சதவீதமும், மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரத்திசையில் 4.8 சதவீதமும் சுருங்குகிறது. வளையங்கள் பலகையின் முகத்துக்கு இணையாகக் கிடக்கும்படி அறுத்த 80 மில்லிமீட்டர் அகலப் பலகை ஒன்று, குளிரூட்டிய கிடங்கில் 7 சதவீத ஈரத்துக்கு உலர்ந்திருந்து, கரையோரத் தாழ்வாரத்தில் ஏறிய பின் 14 சதவீதத்தை எட்டுவதாகக் கொண்டால், அது சுமார் 1.5 மில்லிமீட்டர் அகலும். தனியாகப் பார்த்தால் இது ஒன்றுமில்லை. ஆனால் 2.4 மீட்டர் அகலமுள்ள தாழ்வாரத்தில் இத்தகைய பலகைகள் முப்பது வரிசையாக நிற்கும். மொத்தம் 45 மில்லிமீட்டர். இடைவெளி விடாமல் நெருக்கி அடித்திருந்தால் அந்த நாலரை சென்டிமீட்டருக்குப் போக்கிடம் இல்லை. விதானம் நடுவில் பிதுங்கி, ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு கீழ்நோக்கித் தொங்கும். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகையில் இந்த அசைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதன் விலை கூடுதலாக இருப்பதற்கு அழகு மட்டுமே காரணமன்று. சிவப்பு சீடரின் சுருக்கம் இதனினும் குறைவு, முறையே 5.0, 2.4 சதவீதம் மட்டுமே.

எந்தப் பூச்சும் இந்த அசைவை நிறுத்துவதில்லை, மெதுவாக்கவே செய்கிறது. அகன்று சுருங்கும் பலகைகளின் இணைப்பை ஒட்டி மூடியபடி ஓடும் தடித்த பெயின்ட் படலம் முதல் வறண்ட பருவத்திலேயே நீளவாக்கில் வெடிக்கும். அதுமட்டுமின்றி, பலகைகளை அடித்து முடித்த பிறகு சாயமேற்றினால், அவை சுருங்கும்போது காடிக்குள்ளிருந்து வெளிவரும் நாக்கின் பகுதி பூச்சே காணாத வெள்ளைக் கோடாக ஒவ்வோர் இணைப்பிலும் பல்லிளிக்கும். கருநிறச் சாயத்தில் இக்கோடுகள் மிகவும் உறுத்தும். நாக்கு, காடி, முனைகள், மேல்முகம் என ஆறு பக்கமும் முன்கூட்டியே ஒரு கை பூசிவிட்டுப் பலகையை மேலே ஏற்றுவதே இதற்குரிய மருந்து. மேல்முகம் கண்ணில் படாததால் அதைப் பூசுவதை வீண் செலவு என்று பலர் எண்ணுகிறார்கள். கீழ்முகத்தில் மட்டும் படலம் இருந்தால், கூரைக்கும் விதானத்துக்கும் இடையே தேங்கும் காற்றின் ஈரம் மேல்முகம் வழியாகவே விரைந்து ஏறி இறங்கும். ஒரு முகம் மற்றதைவிட அதிகம் அகல்வதால் பலகை கிண்ணம்போல் வளையும். அந்த இடைவெளிக்குக் காற்றோட்டம் இல்லாவிட்டாலோ, கூரை ஒழுகினாலோ, மேலிருந்து வந்த ஈரம் கீழ்ப்படலத்தை அடியிலிருந்து தள்ளிக் கொப்புளமாக்கும். விதானத்தில் பெயின்ட் உரிவதைக் கண்டால் பெயின்ட்டைப் பழிக்கும் முன் கூரையைச் சோதிப்பதே முறை.

மழை படாததால் வரும் கேடு ஒன்றும் உண்டு. அது பலருடைய கணக்கில் வருவதில்லை. சுவரில் படியும் தூசியையும் உப்பையும் மழை அவ்வப்போது கழுவிவிடுகிறது. விதானத்தில் அவை ஆண்டுக்கணக்கில் தங்கி, இரவுக் குளிர்ச்சியில் படியும் மெல்லிய ஈரத்தைப் பற்றிக்கொள்கின்றன. பூச்சின் மேல் கரும்புள்ளிகளாகத் தோன்றும் பூஞ்சணத்துக்கு, குறிப்பாக ஆரியோபாசிடியம் புல்லுலான்ஸ் என்னும் மிகப் பரவலான இனத்துக்கு, இதைவிட வசதியான இடம் அமையாது. மரத்தைத் தின்று மக்கச் செய்யும் காளான்கள் மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நன்கு உயர்ந்தாலொழியத் தலைகாட்டா. இந்தப் பூஞ்சணமோ மேற்பரப்பில் சிறிது ஈரமும், படிந்த தூசியும், பூச்சிலுள்ள எண்ணெயும் கிடைத்தால் வளர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் அதற்கு விருந்து. எனவே ஈரமான கரையோரத்தில் வெறும் ஆளிவிதை எண்ணெயை மட்டும் பூசுவதை, இயற்கையானது என்ற பெயருக்காக விரும்புவோர், ஓரிரு கோடைகளில் கறுத்த விதானத்தைக் காண நேரிடும். மேடிசன் ஆய்வகம் 1950களில் உருவாக்கிய புகழ்பெற்ற சாயக் கலவையும் ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டதே. ஆனால் அதில் நீர் ஒட்டாதிருக்க மெழுகும், பூஞ்சணத்தைத் தடுக்க பென்டாகுளோரோஃபீனால் என்ற நஞ்சும் சேர்க்கப்பட்டிருந்தன. அந்நஞ்சு மனிதருக்கும் தீங்கானது என்பதால் பிற்காலக் கலவைகளில் வேறு பூஞ்சணக்கொல்லிகள் அதன் இடத்தைப் பிடித்தன.

கழுவப்படாத உப்பு மறுபூச்சையும் கெடுக்கும். பழைய பெயின்ட்டின் மேல் நீரில் கரையும் பொருள்கள் படிந்திருக்க, அவற்றின் மேலேயே புதுப் பெயின்ட்டைப் பூசினால், இரண்டு படலங்களுக்கும் இடையே பிடிப்பில்லாமல் புதியது மட்டும் ஏடு ஏடாக உரியும். இவ்வகை உரிதல் தாழ்வார விதானங்களிலும் இறவாரத்தின் அடிப்பக்கங்களிலுமே மிகுதி. மழை மறைவான இப்பகுதிகளை, வீடு பூசப்படும் ஒவ்வொரு முறையும் பூசாமல், ஒரு முறை விட்டு ஒரு முறை பூசினாலே போதும் என்பது மேடிசன் ஆய்வகத்தாரின் அறிவுரை. இடைப்பட்ட முறைகளில் சோப்புநீரால் துடைத்துக் கழுவுவதே பெயின்ட்டைவிட நன்மை தரும்.

இனி மரத்தின் இயல்பு. பைன், டக்ளஸ் ஃபிர் ஆகியவற்றில் பிசின் ஓடும் நுண்குழாய்கள் உண்டு. தகரக் கூரைக்கு அடியில் கோடை வெப்பம் ஏறும்போது இளகிய பிசின் கணுக்களின் வழியே கசிந்து பெயின்ட்டை மஞ்சளாக்கும், வார்னிஷின் மேல் துளியாக நின்று ஒட்டும். சூளையில் உலர்த்தும்போதே 71 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி எளிதில் ஆவியாகும் பகுதியைப் போக்கி, மீந்த பிசினைக் கெட்டிப்படுத்தியிருந்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். கணுக்களின் மேல் அரக்கு பூசி அடைப்பது பழைய முறை. இன்றும் அதை மிஞ்சிய முறை இல்லை. இந்தியக் காடுகளில் புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் இந்த அரக்கு, சாராயத்தில் கரையும், பிசினுக்கோ நீரில் கரையும் சாற்றுக்கோ வழிவிடாது. ஆனால் ஈரம் பட்டால் வெளுத்துப் பூத்துவிடும் என்பதால் அதை மேற்பூச்சாக விதானத்தில் விடுவதற்கில்லை. அடிப்பூச்சாக மட்டுமே அதற்கு இடமுண்டு.

சிவப்பு சீடரின் வைரக்கட்டையில் பிசின் இல்லை. அதற்குப் பதிலாக, பூஞ்சைகளை அண்டவிடாத, நீரில் கரையும் டானின் முதலிய சாறுகள் நிறைந்துள்ளன. நீரைக் கரைப்பானாகக் கொண்ட அக்ரிலிக் பெயின்ட்டை நேரடியாகப் பூசினால் இச்சாறு கரைந்து மேலெழுந்து செம்பழுப்புக் கறையாகப் படியும். இரும்பு ஆணி இதைவிட மோசம்: இரும்பும் டானினும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலச் சேர்மம் உண்டாகி, ஒவ்வோர் ஆணித் தலையைச் சுற்றியும் மைக்கறை படரும். கடுக்காயில் ஊறிய துணியின் மேல் இரும்புக் கரைசலால் கோடு இழுத்துக் கலம்காரி ஓவியர்கள் கறுப்பு நிறத்தைப் பெறுவது இதே வினையால்தான். அங்கே கலை, இங்கே கறை. துருப்பிடிக்காத எஃகு ஆணியை வாங்குவதும், எஃகுக் கம்பளியால் மரத்தைத் தேய்க்காமலிருப்பதும் வருமுன் காக்கும் வழிகள். வந்த பின் ஆக்சாலிக் அமிலக் கரைசல் அக்கறையைப் போக்கும்.

சாயமேற்றக் கருதுவோர் வளையங்களின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். வசந்த காலத்தில் வளர்ந்த முன்பருவக் கட்டை மென்மையானது, வெளிர்நிறமுடையது, திரவத்தை ஆவலோடு உறிஞ்சுவது. பின்பருவக் கட்டை அடர்ந்தும் கருத்தும் இருப்பதால் எளிதில் ஏற்காது. கருஞ்சாயம் பூசியதும் வெளிர்க்கோடு கருங்கோடாகவும், கருங்கோடு ஒப்பளவில் வெளிறியதாகவும் மாறி, புகைப்படத்தின் நெகட்டிவைப் போல ரேகை தலைகீழாகிவிடும். பைனிலும் ஃபிரிலும் இது கண்கூடு. இம்மரங்களுக்கு மரத்தின் இயல்பான நிறத்தையொட்டிய இளஞ்சாயமே பொருந்தும்; தேக்குப்போல் காட்ட முயன்றால் தேக்கும் ஆகாது, பைனும் ஆகாது. பெயின்ட்டுக்கும் இதே அமைப்பு இடையூறு: தென்னக மஞ்சள் பைனின் அகன்ற பின்பருவப் பட்டைகளில் பெயின்ட் நெடுநாள் பற்றி நிற்பதில்லை.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், தேர்வுக்குரிய அளவுகோல் பூச்சு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதன்று, தோற்கும்போது எவ்வாறு தோற்கும் என்பதே. படலமாக மேலே நிற்கும் பெயின்ட்டும் வார்னிஷும் வெடித்து உரிந்து தோற்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க மிச்சத்தைச் சுரண்டி உப்புத்தாளால் தேய்த்தாக வேண்டும். மரத்துக்குள் ஊறும் சாயமோ மெல்ல மங்கித் தோற்கிறது. துடைத்துவிட்டு மேலே இன்னொரு கை பூசினால் வேலை முடிந்தது. தரையில் இவ்வேறுபாடு சில மணி நேர உழைப்பு மட்டுமே. தலைக்கு மேலே, ஏணியில் நின்று கழுத்தை அண்ணாந்து, கண்ணில் தூசி விழ, பீட்போர்டின் ஒவ்வொரு வரிக்குள்ளும் உப்புத்தாளை மடித்துத் தேய்ப்பது எந்தத் தச்சரும் இரண்டாம் முறை ஏற்க விரும்பாத வேலை. ரேகை தெரிய வேண்டுவோர்க்கு, பூஞ்சணக்கொல்லி சேர்ந்த, இளநிறமுள்ள, ஊறும் வகைச் சாயமே முதல் தேர்வு. மின்னும் தோற்றத்தில் பிடிவாதம் உள்ளவர்கள் வார்னிஷை மெல்லிய கைகளாகப் பூசி, மங்கத் தொடங்கிய உடனேயே, உரியும்வரை காத்திராமல், மறுகை பூசிவர வேண்டும்.

எண்ணெய் சார்ந்த பூச்சுகளைப் பற்றி மேலும் இரண்டு செய்திகள் உண்டு. ஆளிவிதை எண்ணெய் நீர் வற்றிக் காய்வதுபோல் காய்வதில்லை. அதன் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம், அதன் இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிவிடுவதால் எண்ணெய் இறுகுகிறது. இதே அமிலம்தான் பிற்காலத்தில் மஞ்சள் பூப்பதற்கும் காரணம். ஒளி அம்மஞ்சளை வெளுக்கச் செய்யும், நிழல் அதை வளர்க்கும். ஆகவே எண்ணெய் சார்ந்த வெள்ளைப் பெயின்ட் வெயில் படும் தூணில் வெள்ளையாகவே இருக்க, அதே டப்பாவிலிருந்து பூசிய விதானம் பழந்தாள் நிறம் அடையும். வெள்ளையோ வெளிர்நிறமோ வேண்டுமானால் விதானத்துக்கு நீர் சார்ந்த அக்ரிலிக்கே ஏற்றது.

மற்றொன்று உயிர்ச் சேதம் பற்றியது. ஆக்சிஜனேற்றம் வெப்பத்தை வெளிவிடும் வினை. பலகையில் விரிந்து கிடக்கும் எண்ணெயில் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும், சுருட்டி எறிந்த துணியிலோ வெளியேற வழியின்றிச் சேர்ந்து துணியைத் தானே பற்றவைக்கும். 1991 பிப்ரவரி 23ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் தளத்தில், மரப்பலகைகளுக்குப் பூச்சு வேலை செய்தவர்கள் விட்டுச் சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து மூண்ட தீ, மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்து, 30ஆம் தளத்தில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்களிடம் வந்த பிறகே அடங்கியது. துணிகளைத் திறந்தவெளியில் தனித்தனியே விரித்துக் காயவிடுவது, அல்லது நீர் நிரப்பிய உலோகக் கலத்தில் அமிழ்த்தி மூடுவது என்ற விதியை எவ்வளவு சிறிய வேலைக்கும் தளர்த்தலாகாது.

பலகைகளைத் தரையில் முக்காலிகளின் மேல் பரப்பிப் பூசி, உலர்ந்த பின் ஏற்றுவதே சிறந்தது என்பது முன்னரே சொல்லப்பட்டது. ஏற்கெனவே அடித்த விதானத்துக்குச் சாயமேற்ற நேர்ந்தால் களிம்பு வடிவச் சாயம் கைகொடுக்கும். தூரிகையோ துணியோ அழுத்தித் தேய்க்கும்போது இளகிப் பரவி, கை எடுத்ததும் மீண்டும் கெட்டிப்படும் இயல்பு அதற்கு இருப்பதால் முழங்கை வழியே வழிந்தோடுவதில்லை. மரத்துக்குள் அது ஆழமாக ஊறாது என்ற குறையே பைன் போன்ற மரங்களில் நிறையாகிறது, ஏனெனில் திட்டுத்திட்டாக நிறம் ஏறுவது அதனால் குறைகிறது.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது தென்னகத்தின் நீல விதானங்களைத் தவிர்க்க முடியாது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்கள், ஆவிகள் நீரைக் கடக்கமாட்டா என்ற நம்பிக்கையால் தாழ்வார விதானத்தையும் கதவு, சன்னல் சட்டங்களையும் நீர்நிற நீலமாகப் பூசிவந்தனர். ஹெய்ன்ட் என்பது அவர்கள் வழக்கில் ஆவி, அந்நிறத்துக்கு ஹெய்ன்ட் நீலம் என்றே பெயர். 1740களில் எலைசா லூகாஸ் தென் கரோலினாவில் அவுரிப் பயிரை வேரூன்றச் செய்தபோது அதை விளைவித்ததும், நாறும் தொட்டிகளில் ஊறவைத்துச் சாயம் எடுத்ததும் அடிமை மக்களின் உழைப்பே. தொட்டியடியில் மீந்ததைச் சுண்ணாம்புடனும் பாலுடனும் கலந்து விதானத்தில் பூசினர் என்பது அப்பகுதியின் மரபுச் செய்தி. அமெரிக்கா விடுதலை பெற்ற பின் பிரிட்டன் தன் அவுரிக்கு வங்காளத்தை நாடியது; நீல விதானம் மட்டும் கரோலினாவில் நிலைத்தது.

இந்நீலத்தை வானம் என்று எண்ணிக் குளவிகள் கூடு கட்டாமல் விலகும் என்ற இன்னொரு நம்பிக்கையும் பெயின்ட் விற்பவர்களிடையே உலவுகிறது. இதை மெய்ப்பிக்கும் சான்று இல்லை. பழைய பூச்சில் இருந்த சுண்ணாம்பின் காரத்தன்மை பூச்சிகளை ஓரளவு விலக்கியிருக்கலாம், ஆனால் சுண்ணாம்பும் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் காலப்போக்கில் காரம் இழந்துவிடும், இன்றைய அக்ரிலிக் நீலத்திலோ சுண்ணாம்பே இல்லை. பெயின்ட்டால் உண்மையிலேயே தடைபடும் பூச்சி வேறொன்று: தமிழ்நாட்டில் மூங்கிலைத் துளைக்கும் கருவண்டின் இனத்தைச் சேர்ந்த தச்சுத் தேனீ. பூச்சில்லாத மென்மரத்தின் அடிப்பக்கத்தையே அது தேடி, சுமார் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள, துளையிடும் கருவியால் இட்டதுபோன்ற வட்டத் துளையுடன் நுழைந்து, பின் ரேகையின் போக்கில் திரும்பிச் சுரங்கம் அமைக்கும். பெயின்ட் படலம் அதைப் பெரிதும் விலக்குகிறது. சாயத்துக்கு அந்த ஆற்றல் குறைவு. இத்தொல்லை மிகுந்த பகுதிகளில் ரேகையின் அழகை விட்டுக்கொடுத்துப் பெயின்ட்டுக்குப் போவது தவறாகாது. வெளிச்சமும் அதே பக்கம் சாய்கிறது: வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்ப, கருஞ்சாயமேற்றிய மரம் 20 சதவீதத்தைக்கூட அனுப்பாது, தாழ்வாரத்தின் வழியாகவே வெளிச்சம் பெறும் முன்னறை அதற்கேற்ப இருண்டுபோகும். கடையில் கைமேல் வைத்துப் பார்க்கும் சிறு துண்டு இதைக் காட்டாது. ஒரு முழம் நீளமுள்ள பலகைத் துண்டில் நினைத்த சாயத்தைப் பூசி, விதானத்திலேயே தற்காலிகமாகப் பொருத்தி, காலையிலும் மாலையிலும் கீழிருந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பழைய வீடுகளில் இத்தேர்வுகளுக்கெல்லாம் முந்திய தடை ஒன்று இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்கா 1978இல் தடை செய்தது; அதற்கு முன் பூசப்பட்ட விதானத்தின் அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி. அதை உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி தேய்ப்பவரின் முகத்திலும், பின் தாழ்வாரத் தரையில் தவழும் குழந்தையின் கையிலும் படியும். அத்தகைய விதானத்தில், அடியில் உள்ள மரம் எவ்வளவு அழகியதாயினும், அதை வெளிக்கொணரும் ஆசையை முறையான பயிற்சியும் கவசமும் உள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் உறுதியாகப் பற்றி நிற்கும் பழைய படலத்தை ஈரத்துணியால் துடைத்து, உரிந்த இடங்களை நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே சுரண்டி, மேலே பிரைமரும் புதுப் பெயின்ட்டும் பூசி மூடிவிடலாம்.